ராஜாங்கத்தின் முகம்

எத்தனையோ கதாநாயகர்களுக்காக மாடியிலிருந்து குதித்தவன் ராஜாங்கம். கண்ணாடியைப் பிளந்துகொண்டு பாய்ந்ததில் முன்பல் ஒன்று பாதியாகப் போனது. ஆனால் திரையில் அவன் முகம் மட்டும் வந்ததே இல்லை.

"அதோ, குதிக்கிறாரே, அதான் என் வூட்டுக்காரரு" என்று தியேட்டரில் மலர்கொடி கை காட்டும்போதெல்லாம், கூட உப்பு வாரும் சாலம்மாள் கேட்பாள்: "முதுவ வச்சி எப்படிடி கண்டுபுடிக்கிறே?"

இப்போது மூட்டு தேய்ந்துவிட்டது. இனிக் குதிக்க முடியாது. அந்த நேரத்தில்தான் மலர்கொடி வேலை செய்யும் மரக்காணம் உப்பளத்திலேயே ஷூட்டிங் வந்தது. உப்பளக்காரன் வேஷம், ஒரே ஒரு வசனம். நன்றாகச் செய்தால் அடுத்த படத்திலும் வேஷம் என்று டைரக்டர் சொல்லியிருந்தார்.

ராஜாங்கம் வரப்பின்மேல் நின்றான்.

"ஆக்‌ஷன்!"

"எங்க பாத்தியில கால வச்சா..." என்று ஆரம்பித்தவனின் முகம் தானாகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டது.

"கட்! மூஞ்ச ஏண்ணே திருப்புறீங்க?"

"பழக்கம் சார். ஹீரோ இல்லன்னு தெரிஞ்சிடக் கூடாதே..."

"இதுல நீங்க நீங்கதாண்ணே!"

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் கடல் பக்கம்தான்.

"ஏண்டி, பொண்ணு பாக்க வந்த மாதிரி வெக்கப்படுறாரு?" என்றாள் சாலம்மாள்.

மலர்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. டைரக்டர் வானத்தைப் பார்த்தார். "வெயில் எறங்குது. இன்னொரு டேக் பாப்போம். வரலன்னா வேற ஆள நிக்க வைங்க."

மலர்கொடி சேற்றுக் காலோடு விறுவிறுவென்று வந்தாள். "சார், கேமரா பக்கத்துல நான் நின்னுக்கவா?"

"எதுக்கும்மா?"

"என்கூட சண்ட போடறப்ப மட்டும் இந்த ஆளு மூஞ்ச திருப்பவே மாட்டாரு, சார்."

டைரக்டர் சிரித்துக்கொண்டே இடம் விட்டார்.

"யோவ், இங்க பாரு! நேத்து மீன் கொழம்புல உப்பில்லன்னு தெருவே கேக்கக் கத்துனியே. உப்பளத்துல வேல செய்யறவ வச்ச கொழம்புல! இப்ப கத்து பாக்கலாம்."

"அத்த ஏண்டி இங்க வந்து..."

"ஆக்‌ஷன்!"

"எங்க பாத்தியில கால வச்சா, திரும்பி நடக்க மாட்டீங்க!"

கழுத்து நரம்பு புடைக்க, நேராக அவளைப் பார்த்தே சொன்னான். உப்பு வாரும் பெண்கள்கூட ஒரு அடி பின்னால் போனார்கள்.

"ஓகே! அண்ணே, அடுத்த படத்துக்கும் வந்துடுங்க."

ராஜாங்கம் மூட்டைப் பிடித்தபடி வரப்பிலிருந்து இறங்கி வந்தான். "மூஞ்சி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. அந்த அரைப் பல்லும் தெரிஞ்சுது."

"ஐயய்யோ, அசிங்கமாவா?"

"இருக்கட்டும்யா. இனிமே சாலம்மாளுக்கு நான் கை காட்ட வேணாம் பாரு."