கேப்டன் போட்ட முடிச்சு

துறைமுகம் முழுவதும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டது. அவர் ஒரு நாளும் கேப்டனாக இருந்ததில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் கப்பலின் அடிவயிற்றில் இன்ஜினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர். கடலைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். ஓய்வு பெற்றதும், உடைப்பதற்கென்று ஒதுக்கிவைத்திருந்த ஒரு குட்டிச் சரக்குக் கப்பலை வாங்கி, மனைவியையும் ஒரு கேஸ் அடுப்பையும் அதில் ஏற்றிக் குடிபோனார். அன்றைக்கே அவருக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது.

புயல் மாதங்களில் எந்தக் கப்பலும் துறைமுகத்தை விட்டுக் கிளம்பக் கூடாது என்பது அங்கே சட்டம். கேப்டனின் கப்பல் மற்ற மாதங்களிலும் கிளம்பியதில்லை என்றாலும், சட்டத்தை மதிப்பதில் அவர் பெருமைப்பட்டார்.

அந்த மாதங்களில் கப்பலில் குடியிருப்பது லேசான காரியமில்லை. காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும். டப்பாவிலிருந்து ஸ்பூனில் அள்ளும் உப்பு, குழம்புக்குப் போவதற்குள் உப்புத் தண்ணீராகிவிடும். போன வருடக் காற்று, கொடியில் காய்ந்த அவருடைய சட்டையைக் கொண்டுபோய், இரண்டு நாள் கழித்துக் கழுத்துவரை பொத்தான் போட்டுத் திருப்பிக் கொடுத்தது. நம்பாதவர்களுக்குக் காட்ட அந்தச் சட்டையைப் பொத்தான் கழற்றாமலே வைத்திருந்தார். அவர் மனைவிக்கு இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது பலகைதான்.

கப்பலுக்கும் கரையில் அதைக் கட்டிவைக்கும் ஜெட்டி மேடைக்கும் நடுவில் ஒரு பலகை போட்டிருந்தது. கப்பலைக் கட்டிய கயிறுகள் தளர்வாக இருந்ததால் அது ஒரு சாண் போகும், ஒரு சாண் வரும். பலகையும் கூடவே ஆடும். அந்த வாரம், அவர் மனைவி கடையிலிருந்து வாங்கிவந்த வெங்காயம் முழுவதும் தண்ணீரில் போனது.

"ஏங்க, இந்தக் கயித்தைக் கொஞ்சம் இழுத்துக் கட்டினா என்ன? மீனுக்கெல்லாம் நான்தான் சமைச்சுப் போடணுமா?"

"புயல் காலத்துல இழுத்துக் கட்டக் கூடாதும்மா. தண்ணி ஏறினா கப்பலும் ஏறணும், இறங்கினா இறங்கணும். இழுத்துக் கட்டினா ரெண்டுல ஒண்ணு போயிடும். ஒண்ணு கப்பல், இல்லேன்னா கட்டின தூண்."

"வெங்காயம் போயிடுச்சே, அது எந்தக் கணக்கு?"

அவர் நான்கு கயிறுகளையும் இழுத்து, தன் பெயர் சொல்லும் அந்த முடிச்சைப் போட்டார். அவர் போட்ட முடிச்சை அவரே அவிழ்க்க வேண்டும் என்று துறைமுகத்தில் ஒரு பேச்சு உண்டு. ஊருக்குக் கிளம்பும்போது தளர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார். பலகை சிமெண்ட் தரைபோல நின்றது. மனைவி அன்று இரண்டு முறை கடைக்குப் போய்வந்தாள், தேவையே இல்லாமல்.

வருடா வருடம் புயல் மாதங்களின் நடுவில் சில வாரம் இருவரும் பழைய வேனை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவார்கள். இந்த வருடம் கேப்டனுக்குப் போக மனமில்லை. மருமகன் வீட்டு மாடியில் அவர்களுக்கென்று ஓர் அறை கட்டி முடித்திருந்தார். 'அப்பா அம்மா ரூம்' என்று வாசலில் பெயரும் ஒட்டியாகிவிட்டது. "கப்பல் இருக்கிற வரைக்கும் இருங்க மாமா, அப்புறம் இங்கதானே" என்று மருமகன் போனில் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு கேப்டனுக்கு எமன் பேசுவதுபோல் கேட்டது. மகள் வீட்டில் தரை அசையாது. அசையாத தரையில் அவருக்குத் தூக்கம் வராது. சாப்பிடும்போது தம்ளர் சரிந்துவிடும் என்று ஒரு கையால் பிடித்தபடியே இருப்பார். பேரன் சிரிப்பான்.

கிளம்புகிற அன்று ஒரே ரகளை. கேஸை மூடினாயா, ஜன்னலைச் சாத்தினீர்களா, வீட்டுச் சாவி எங்கே, கண்ணாடி எங்கே. கண்ணாடி மூக்கில் இருந்தது. கப்பலில் கிடந்த கோடாரியைக்கூட, வழியில் மரம் விழுந்து கிடந்தால் வெட்டலாம் என்று வேனில் போட்டுக்கொண்டார். கயிறு மட்டும் நினைவுக்கு வரவில்லை.

துறைமுக வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் அடித்தார்.

"கப்பலைப் பாத்துக்கப்பா."

"கரையில நின்னு பாத்துக்கறேண்ணே. உள்ள மட்டும் கால் வைக்க மாட்டேன். தண்ணியைக் கண்டா எனக்குத் தலை சுத்தும்."

"அப்புறம் ஏன்யா துறைமுகத்துல வேலைக்குச் சேர்ந்தே?"

"இங்கதாண்ணே உக்கார நாற்காலி குடுத்தாங்க."

சாலையில் கேப்டனுக்கு ஒரு பழக்கம். எங்கே வண்டியை நிறுத்தினாலும், இறங்கியதும் முன்னால் ஒரு கயிறு போட்டு, அருகில் இருக்கும் மரத்திலோ கம்பத்திலோ கட்டிவிடுவார். மதியம் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். பந்தல் கம்பத்தில் வேனைக் கட்டினார்.

"என்ன பெரியவரே, வண்டி ஓடிப்போயிருமா?" என்றான் கடைக்காரன்.

"ஓடாது தம்பி. நகரும்."

டீ குடித்துவிட்டு, மனைவி அவிழ்த்திருப்பாள் என்று அவர் ஏறினார். அவர் அவிழ்த்திருப்பார் என்று அவள் ஏறினாள். ரிவர்ஸ் எடுத்தார். கம்பம் வேனோடு வந்தது. கம்பத்தோடு பந்தல் வந்தது. பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்த ஒருவர் கையில் பன்னோடு வெயிலில் விடப்பட்டார்.

கடைக்காரன் கத்திய கத்தல் கேப்டன் காதில் விழவே இல்லை. அவர் கீழே கிடந்த கம்பத்தைப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். முடிச்சு அப்படியே இருந்தது. அப்போதுதான் கப்பலின் நான்கு கயிறுகளும் நினைவுக்கு வந்தன.

அதே நேரத்தில் கடை ரேடியோ, வேறு பக்கம் போவதாக இருந்த புயல் மனம் மாறித் துறைமுகத்துக்குத் திரும்பி அடிக்கத் தொடங்கிவிட்டது என்றது. வானம் அங்கே நீலமாக, அசட்டுத்தனமாக இருந்தது.

வாட்ச்மேனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, கயித்தைத் தளர்த்திவிடு!"

"கயிறு வீணைக் கம்பி மாதிரி இருக்குண்ணே. காத்து பட்டாலே பாட்டு வருது."

"சரி, வெட்டிவிடு! கோடாரி எடுத்து…" என்று ஆரம்பித்தவர் வேனுக்குள் திரும்பிப் பார்த்தார். கோடாரி பின்சீட்டில் சொகுசாகப் படுத்திருந்தது.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. தண்ணி எங்க இருக்கு?"

"நாற்காலியில உக்காந்திருக்கு. நான் என் ரூம் கூரை மேல உக்காந்திருக்கேன்."

அதற்குமேல் லைன் போய்விட்டது. மறுபடி மறுபடி அடித்தார். கிணற்றில் போட்ட கல்தான்.

கடைக்காரனுக்குக் கம்பத்தை நட்டுக் கொடுத்துவிட்டு வேனைத் திருப்பினார்கள். "நீங்க தளர்த்தலைன்னு எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி. "கிளம்பறப்போ பலகை ஆடலை. சொல்லலாம்னு வாயெடுத்தேன். ஒரு தடவையாவது ஆடாம நடந்துக்கலாமேன்னு விட்டுட்டேன்."

அவர் அவளைத் திட்ட நினைத்தார். திட்டுகிற அளவுக்குத் தன்னிடம் யோக்கியதை மிச்சமிருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். இல்லை. கியரை மாற்றினார்.

பாதி வழியில் ஒரு பாலத்தின் முன் போலீஸ் மறித்துவிட்டது. மழை வந்தது. அது மேலிருந்து பெய்யவில்லை, பக்கவாட்டில் பெய்தது. வேனின் இடப்பக்கக் கண்ணாடி வழியே நுழைந்து வலப்பக்கக் கண்ணாடி வழியே வெளியேறியது, நடுவில் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு பொருட்டாகக்கூட மதிக்காமல். கேப்டன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார். ஓடாத வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்து என்ன செய்ய? விட்டாலும் என்ன செய்ய?

"ஏங்க, மாப்பிள்ளை கட்டின ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம் பாத்து இருக்காம்?"

"பக்கத்து வீட்டுச் சுவரைப் பாத்து."



மறுநாள் காலை பாலத்தைத் திறந்தார்கள். கடலோரச் சாலை வரை வந்தார்கள். அங்கே லாரிகள், பஸ்கள், கார்கள் என்று கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை நின்றது. ஹார்ன் அடித்து ஓய்ந்துபோன ஒரு லாரிக்காரர் கீழே உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"என்னப்பா அடைப்பு? மரமா?"

"கப்பலுங்க."

"கப்பலா?"

"ரோட்டுக்குக் குறுக்கே நிக்குது. எவனோ ஒழுங்கா கட்டாம விட்டுட்டு ஊர் சுத்தப் போயிட்டான்."

கேப்டனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கட்டத் தெரியாதவனெல்லாம் எதுக்குக் கப்பல் வச்சுக்கறான்?" என்று அவரும் சேர்ந்து திட்டினார். திட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். மனைவிதான் முதலில் நின்றாள்.

"அது நம்ம வாளி."

கப்பலின் கம்பியில் நீல வாளி தொங்கியது. கப்பல் சாலையின் குறுக்கே, ரொம்ப நாளாகவே அங்கே குடியிருப்பதுபோல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு கீறல் இல்லை. நான்கு பக்கமும் நான்கு கயிறுகள். ஒவ்வொன்றின் முனையிலும் வேரோடு பிடுங்கிய முள்ளங்கிபோல ஜெட்டியின் தூண் ஒன்று. நான்கு முடிச்சுகளும் போட்டது போட்டபடி இருந்தன.

"நடுத்தெருவுல நிறுத்தப் போறார்னு எங்கப்பா அப்பவே சொன்னாரு" என்றாள் மனைவி. குரல் சிரிப்பில் ஆரம்பித்து வேறெங்கோ போய் முடிந்தது.

மேல்தளத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. வாட்ச்மேன்.

"நான் கால் வைக்கலைண்ணே. கூரை மேல உக்காந்திருந்தேன், கப்பல்தான் என் காலடியில வந்து நின்னு, அப்படியே இங்க தூக்கிட்டு வந்துடுச்சு. கதவெல்லாம் பத்திரமா பூட்டியிருக்கு!"

சாலைத்துறை அதிகாரி ஒருவர் வந்தார். கோபப்படக்கூடத் தெம்பில்லாத முகம்.

"உங்களதா?"

"ஆமாங்க."

"மத்தியானம் கேஸ் கட்டர் வருது. துண்டு துண்டா வெட்டித்தான் எடுக்கணும்."

"வெட்ட வேண்டாங்க. தண்ணியில இறக்கிவிட்டா போதும், மிதக்கும். ஓட்டை இல்லை. பாருங்க, ஒரு ஓட்டை இல்லை."

"தண்ணி எங்க பெரியவரே இருக்கு?"

கேப்டன் திரும்பிப் பார்த்தார். வயல்வெளிக்கும் உடைந்த சுவர்களுக்கும் அப்பால், தூரத்தில், கடல் பாலைக் குடித்துவிட்டுப் படுத்த பூனைபோல் கண்ணை மூடிக் கிடந்தது. இவ்வளவு பெரிய கப்பலைத் தூக்கும் கிரேன் இந்த மாவட்டத்திலேயே இல்லை என்றார் அதிகாரி. பிறகு, என்ன நினைத்தாரோ, "வேணும்கிறதை எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

இருவரும் ஏணி வைத்து ஏறினார்கள். வாட்ச்மேன் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். உள்ளே அலமாரியில் தம்ளர்கள் வரிசையாக நின்றன. பொத்தான் போட்ட சட்டை ஆணியில் தொங்கியது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல், மனைவி அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள்.

போன் அடித்தது. மகள்.

"அம்மா! எங்கம்மா இருக்கீங்க? பத்திரமா இருக்கீங்களா?"

"வீட்டுலதான்டி இருக்கோம்."

"கப்பல் தப்பிச்சிருச்சா?"

மனைவி கணவனைப் பார்த்தாள். "அப்பாகிட்ட குடுக்கறேன்" என்று போனை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வெளியே வரிசையாக நின்ற லாரிகள், வழி விடச் சொல்லிக் கப்பலைப் பார்த்து ஹார்ன் அடித்தன. கேப்டன் மேஜைமேல் இருந்த டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. ஆனாலும் சரிந்துவிடாமல் ஒரு கையால் தம்ளரைப் பிடித்துக்கொண்டார்.