ஒரே கை வரைந்த கொக்கு

விடிந்தும் விடியாத வேளையிலேயே கண்ணாடிக்கடியில் விளக்கு வைத்த எங்கள் ஒன்பது வரைமேசைகளும் ஒளிரத் தொடங்கிவிடும். கண்ணாடியின் சூடு உள்ளங்கையில் ஏறி முழங்கைவரை காந்தும். ஒரு கைக்கடிகாரத்தின் மூடி திறக்கிறது. உள்ளிருந்து ஒரு கொக்கு எழுந்து பறக்கிறது. விளம்பரம் அவ்வளவுதான். திரையில் ஒரு நிமிடம். கையால் வரைய எங்களுக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது தாள்கள், ஐந்து மாதம். அந்தக் கடிகாரத்தை எங்களில் யாரும் தொட்டதில்லை. கையுறை போட்ட ஒருவர் பெட்டியைத் திறந்து காட்டினார். பார்த்து வரைந்ததும் மூடி எடுத்துப் போய்விட்டார்.

கொக்கின் சிறகு வாத்தின் வேலை. அவன் எதை வரைந்தாலும் முதலில் வாத்துபோல வருகிறது என்று நாங்கள் வைத்த பெயர் அது. நான்காம் மாதம் அவன் வலது கட்டைவிரல் மரத்துப்போனது. பென்சிலை ரப்பர் வளையத்தால் விரலோடு கட்டிக்கொண்டு வரைந்தான். "சட்டைப் பொத்தானைக்கூட இப்ப வீட்டுக்காரிதான் போட்டுவிடுறா. மகாராஜா மாதிரி இருக்கேன்" என்று சிரிப்பான்.

முதலாளி என் அக்காள் கணவர். ஒரு காலத்தில் எங்களோடு ஒரே மேசையில் குனிந்து கிடந்தவர். "நம்ம கம்பெனி, நம்ம பேரு" என்று அவர் சொன்னதை நம்பி, எட்டுப் பேரையும் வீடு வீடாகப் போய் அழைத்து வந்தவள் நான்.

வரைந்து முடிந்த அன்று கேமராக்காரர்கள் வந்தார்கள். "கொஞ்ச நேரம் மொட்டைமாடிக்குப் போங்க, கூட்டமா இருந்தா நல்லாருக்காது" என்றார் அத்தான். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றோம்.

பிறகு ஒருநாள் படத்தைச் சுவரில் போட்டுக் காட்டினார். கொக்கு எழுந்ததும் கைதட்டினோம். அடுத்து அத்தானின் கை வந்தது, பென்சிலோடு. ஒரு கனத்த குரல், "ஆயிரத்து நானூற்று நாற்பது படங்கள். ஒரே மனிதர். ஒரே கை" என்றது.

கைதட்டல் நின்றுபோனது. "அந்தச் சிறகு நான் போட்டது" என்றான் வாத்து, தானே ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல.

அத்தான் என்னைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். இந்தப் படத்தில் நாங்கள் ஒரு கோடுகூட வரையவில்லை என்று அதில் அச்சிட்டிருந்தது.

"எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிடு. நாளைக்குக் கடிகாரக் கம்பெனி அம்மா வர்றாங்க. நான் வரையறதைப் பக்கத்துல நின்னு பார்க்கணுமாம். நீங்க லீவு போட்டுடுங்க."

"வாத்தோட விரலு, அத்தான்?"

"வரைய முடியாதவனை வெச்சு நான் என்ன பண்றது? அவனை நின்னுக்கச் சொல்லிட்டேன்னு நீயே பக்குவமா சொல்லிடு. நீ நம்ம வீட்டு ஆளு, நீ சொன்னா கேப்பாங்க."

தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வாத்து படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அத்தான் செய்ததைவிட அந்தக் கேள்விதான் என்னை அறுத்தது. எங்களில் வண்ணம் தீட்டும் அம்மாதான் எனக்காகப் பேசினார். "அவளும் நம்மளோடதான் மாடியில வெந்தா. அவளைக் கேக்காதே. அவரைக் கேப்போம்."

"வேலை போயிடுச்சுன்னா?" என்றது ஒரு குரல்.

"ஒருத்தரா நின்னா போகும். ஒன்பது பேரையும் அனுப்பிட்டு அடுத்த படத்துக்கு என்ன பண்ணுவாரு? அவர் பென்சில் பிடிச்சே நாலு வருஷமாச்சு" என்றார் வண்ணக்கார அம்மா.

அன்று மாலை அக்கா போனில் அழுதாள். "குடும்பத்தைக் காட்டிக்கொடுக்காதேடி."

"யார் யாரைக் காட்டிக்கொடுத்தாங்கன்னு உன் வீட்டுக்காரரைக் கேளுக்கா" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் யாரும் லீவு போடவில்லை. கையெழுத்தும் போடவில்லை. கம்பெனி அம்மா உள்ளே வந்தபோது ஒன்பது பேரும் எங்கள் இடத்தில் இருந்தோம்.

"இவங்கல்லாம் யாரு?"

"சும்மா... உதவிக்கு" என்றார் அத்தான். எங்கள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "மாடிக்குப் போங்க."

நான் எழுந்தேன். "நாங்க வரைஞ்சவங்கம்மா. எங்க ஒன்பது பேரு பேரும் படத்துல வரணும். இவர் விரலுக்கு வைத்தியம் பார்க்கணும், வேலையும் இருக்கணும். அதுவரைக்கும் இங்க யாரும் பென்சிலைத் தொடமாட்டோம்."

அந்த அம்மா அத்தானைப் பார்த்தார். அத்தான் தரையைப் பார்த்தார்.

எனக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். திரும்பினேன். வண்ணக்கார அம்மா எழுந்துவிட்டார். பிறகு, முந்தினநாள் வேலை போய்விடுமே என்று பயந்தவர். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். வாத்து வந்து என் தோளோடு தோள் ஒட்டி நின்றான்.