கருப்பம்மாள் நின்ற நிலம்

1981ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மலேசியாவின் சிலிம் ரிவர் ஊரை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தின் அலுவலகத்துக்குள் போன நவமணி, தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தின் நிலத்தை அங்கே குடியிருக்கும் அறுபத்திரண்டு குடும்பங்களின் பேருக்கு எழுதித் தரும்படி மேனேஜரிடம் கேட்டாள். லீவு கேட்கலாம், கோயிலுக்குச் சிமெண்டு கேட்கலாம், செத்தவரை ஏற்றிப்போக லாரி கேட்கலாம், நிலத்தை மட்டும் வாய்தவறியும் கேட்டுவிடாதே என்று பல் முளைத்த நாள் முதல் அவளுக்குச் சொல்லி வளர்த்தவள் அம்மா கருப்பம்மாள். அந்தக் கருப்பம்மாள் வெறுங்காலோடு போய் நிற்கும் மண் தேயிலைக்கு ஏற்றதாக இருந்தால், அவள் கையிலுள்ள டம்ளர் தண்ணீர் தேநீராகிவிடும்.

இது 1970இல் தெரியவந்தது. பதினாலாம் நம்பர் ரப்பர் காட்டுச் சரிவில் பால்வெட்டு முடிந்து தண்ணீர் குடிக்கப்போன கருப்பம்மாள், சூடாக இருக்கிறது, சீனி இல்லை என்று துப்பினாள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி பஞ்சலிங்கம் யாழ்ப்பாணத்து மனிதர்; எதையும் எழுத்தில் வைக்கிறவர். விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு அன்றைக்கே கம்பெனிக்குக் கடிதம் போட்டார். ரப்பர் விலை விழுந்துகொண்டிருந்த நேரம். தேயிலைக்கு மாற நினைத்த கம்பெனி, ஏற்ற மண் தேடி அவளை லாரியின் பின்தட்டில் ஏற்றி ஊர் ஊராக இறக்கியது. தஞ்சோங் மாலிமில் டம்ளர் வெளுத்த நிறம் காட்டியது. பாகான் செராய் வயல் மண்ணில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது, சேற்று வாடை மட்டும் ஏறியது. மலையடிவாரச் சரிவுகளில் கறுத்துச் சிவந்தது. பதினோரு வருடம் இப்படி. லயத்தில் யாரும் கடையில் தேயிலைத்தூள் வாங்கவில்லை. அவள் காட்டிலிருந்து வாளியில் கொண்டுவருவதைச் சுடவைத்துக்கொண்டார்கள்.

லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நவமணி. செர்டாங்கில் மண்ணியல் படித்தாள். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது, மழை வருடம் முழுக்கப் பரவலாக விழ வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துகொண்டு 1980இல் திரும்பி, அதே கம்பெனியில் மண் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் கருவிகள் காட்டிய கணக்கும் அம்மாவின் டம்ளர் காட்டிய நிறமும் ஒருதடவைகூட முரண்படவில்லை. அறிக்கைத் தாளில் ‘பயன்படுத்திய கருவி’ என்ற இடத்தில் ‘என் அம்மா’ என்று எழுதினாள். பஞ்சலிங்கம் சிவப்பு மையால் அடித்தார். “பிள்ளை, கருவி எண்டா கருவி. அம்மா எண்டு போடேலாது.”

பிறகு லயத்துக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மேனேஜர் மேல்காட்டைப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, பால்வெட்டும் ஐயாவு வழியை மறித்துக்கொண்டு நின்றார். “ஊரு மண்ணெல்லாம் பாத்தாச்சு, நம்ம வாசல் மண்ணு மட்டும் என்ன மட்டமா? இங்கயும் நின்னு காட்டு கருப்பம்மா!”

“வேணாம் அண்ணே,” என்றாள் நவமணி. “நல்ல மண்ணுன்னு தெரிஞ்சா விட மாட்டாங்க.”

“படிச்ச புள்ளைக்கு நம்ம வாசல் கேவலம்லா!” என்று பக்கத்து வீட்டு இருளாயி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கருப்பம்மாளுக்கும் ஆசைதான். செருப்பைக் கழற்றிவிட்டு லயத்து வாசலில் நின்றாள். அதுவரை எந்த நிலத்திலும் காணாத கருஞ்சிவப்பு. வாசனை பெரிய ரோடு வரை போயிற்று. ஜனங்கள் கைதட்டினார்கள், டம்ளர் கைமாறி ஆளுக்கு ஒரு மிடறு குடித்தார்கள். மேனேஜர் குடிக்கவில்லை, குறித்துக்கொண்டார். மூன்றாம் வாரம், தேயிலை நடுவதற்காக லயங்களைக் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். ஐயாவு அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, நம்ம மண்ணு நல்ல மண்ணுதான்லா என்று மட்டும் சொன்னார். யாரும் அழவில்லை.

மிச்சமிருந்தது நவமணியின் கையெழுத்து. பயிர் மாற்ற அனுமதி கிடைக்க, மண் அறிக்கையில் பட்டதாரி ஒருவர் கையெழுத்திட்டு ஈப்போ நில அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை மேனேஜர் அவளைக் கூப்பிட்டார், அதனால்தான் அவளும் கேட்டாள். நிலம் என்ன என் சட்டைப்பையிலா இருக்கிறது என்றார் அவர். கோபப்படவில்லை. கையெழுத்துப் போட்டால் அவளுக்கும் அம்மாவுக்கும் ஈப்போவில் குழாய்த் தண்ணீரும் மின்விசிறியும் உள்ள வீடு என்றார்.

மேனேஜர் பக்கத்தில் நின்ற பஞ்சலிங்கம் அவள் கையிலிருந்த அறிக்கையை வாங்கிப் பார்த்தார். கையெழுத்து முந்தின நாளே போடப்பட்டிருந்தது. ‘இப்போது நிலத்தில் உள்ள பயிர்’ என்ற கட்டத்தில் முந்நூற்று நாற்பத்தொரு பெயர்கள், கைக்குழந்தைகள் உட்பட, இடம் போதாமல் பின்பக்கம் வரை.

“பயிர் எண்ட இடத்தில சனத்தின்ர பேரை எழுதியிருக்கிறீர்.”

“அங்க நிக்கிறது அவங்கதான் ஐயா. எழுபது வருசமா.”

“மாத்தி எழுதித் தாரும்.”

“மாட்டேன். நாளையிலேர்ந்து வேலைக்கும் வர மாட்டேன்.” தாளை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெளியே கருப்பம்மாள் நின்றிருந்தாள். பெண்களுக்குச் சம்பளமெல்லாம் விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில்தான். அலுவலக வாசலை அவள் அதுவரை மிதித்ததே இல்லை. பயத்தில் செருப்பை மறந்து வெறுங்காலோடு ஓடிவந்திருந்தாள். கையில் டம்ளர் இல்லாததால் பக்கத்திலிருந்த மழைத்தொட்டி முழுக்கத் தேநீராகியிருந்தது. எழுத்தர்கள் கோப்பைகளோடு வந்து மொண்டுகொண்டிருந்தார்கள்.

“கேட்டுட்டியா?”

“கேட்டுட்டேம்மா.”

“அடிச்சாங்களா?”

“இல்ல.”

“அப்ப சரி,” என்றாள் கருப்பம்மாள்.

நவமணி தொட்டியை எட்டிப் பார்த்தாள். லயத்து வாசலைவிடக் கறுப்பு. பேனாவை எடுத்து, தாளின் பின்பக்கம் கடைசிப் பெயருக்குக் கீழே, அலுவலகமும் மேனேஜர் பங்களாவும் உள்ள ஆறு ஏக்கர், தேயிலைக்கு மிகவும் ஏற்றது என்று எழுதிச் சேர்த்தாள். பஞ்சலிங்கம் பாதி குடித்த கோப்பையோடு வராந்தாவுக்கு வந்து, “பிள்ளை, எங்க போறீர்?” என்று கேட்டார். ஈப்போ நில அலுவலகத்துக்குப் போகும் பஸ் பத்தேகாலுக்கு. அவள் கேட்டைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தாள்.