தளர்ந்த தையல்

ஒரு கண்ணில் கருவிழி மாற்று ஆபரேஷன் செய்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அன்று காலை தையல்காரம்மாவுக்கு அந்தக் கண் சிவந்து நீராகக் கொட்டியது.

"தூசி விழுந்திருக்கும். தண்ணி விட்டுக் கழுவு" என்றார் கணவர்.

"தூசி இல்லைங்க. இமைக்கும்போதெல்லாம் ஒரே இடத்துல குத்துது. ஏதோ ஒரு தையல் விட்டிருக்கு."

"கண்ணுக்குள்ள இருக்குற தையலை நீ பாத்தியாக்கும்?"

"முப்பது வருஷமா தைக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

கண்ணைக் கசக்காமல், கழுவாமல், அவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

கருவியில் முகவாயை வைக்கச் சொல்லி, விளக்கைப் போட்டுப் பார்த்த டாக்டரம்மா சிரித்துவிட்டாள். "சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. பதினாறு தையல்ல ஒண்ணு தளர்ந்து முனை மேல வந்துடுச்சு. உடனே வந்தது நல்லதாப் போச்சு. விட்டிருந்தா அது வழியா கிருமி போய், புதுக் கருவிழியே கெட்டிருக்கும்."

கணவர் கூரையைப் பார்த்தார்.

மரத்துப்போக மருந்து விட்டு, டாக்டர் சின்ன இடுக்கியால் நூலை உருவி எடுத்தாள். தையல்காரம்மா அதைப் பார்த்தே தீருவேன் என்றாள். தலைமுடியில் பாதிகூடத் தடிமன் இல்லை.

"அடேயப்பா! இதை ஊசியில யாரு கோத்தது?"

"கோக்கவே வேணாம்மா. ஊசியோட ஒட்டியேதான் வரும்."

"கொடுத்து வச்சவங்க!" என்று பெருமூச்சு விட்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் ஊசி கோப்பது கணவரின் வேலை. "அந்த ஊசி கடையில கிடைக்குமா டாக்டர்?" என்றார் ஆவலாக.

"கிடைக்காது. இந்தச் சொட்டு மருந்துதான் கிடைக்கும். தினமும் நாலு வேளை நீங்கதான் விடணும்."