ஒன்பதேமுக்கால்

கண்டக்டர் அக்காவுக்குப் பத்து வரை எண்ண வரவில்லை என்று அவள் மகள் போனில் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊர்ப்பட்ட கூட்டத்துக்குக் கணக்குத் தப்பாமல் டிக்கெட் கிழித்தவள் அவள். அவளுக்கா எண்ண வராது?

"இடுப்பு ஆப்பரேஷன் முடிஞ்சதிலேருந்து இப்படித்தான் சித்தி. எழுந்து நின்னு பத்து எண்ணணும், அவ்வளவுதான். ஒன்பது வரைக்கும் ஒழுங்கா வராங்க. அப்புறம் கால், கால்னு முனகறாங்க. கால் வலிக்குதாம்மான்னு கேட்டா இல்லேங்கறாங்க. அதுக்கப்புறம் அறைங்கறாங்க. இந்த அறை புடிக்கலையோன்னு ஜன்னல் இருக்கிற அறைக்கு மாத்தியாச்சு. அங்கேயும் அதே பாட்டுதான்." அவள் குரல் உடைந்தது. "புத்தி தடுமாறுது, வீட்டுல வச்சுப் பாத்துக்க முடியாது, ஏதாவது இல்லத்துல சேர்த்துடுங்கன்னு டாக்டர் சொல்றாரு. அம்மாவோ தையலைக் கூப்பிடு, தையலைக் கூப்பிடுன்னு ஒரே பிடிவாதம்."

தையல் என்பது நான்தான். உள்ளே வைத்த பெயர், வெளியிலும் ஒட்டிக்கொண்டது. உள்ளே என்றால் சிறை. நானும் அக்காவும் ஒரே கட்டடத்தில் வருஷக்கணக்காக இருந்தோம். எதற்காகப் போனோம் என்று கேட்காதீர்கள். போனோம், இருந்தோம், வந்தோம்.

போனை வைத்துவிட்டு, பாதி தைத்த துணியின் மேல் தலையைச் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அது எந்தக் கால், எந்த அரை என்று எனக்குத் தெரியும்.

சிறையில் வருகிற வியாதியெல்லாம் உட்கார்ந்தே வருகிற வியாதி. முட்டி பிடித்துக்கொள்ளும், பாதம் வீங்கும், வயிறு கல்லாகிவிடும். எலும்புக்கு வெயில் வேண்டும் என்று சிறை டாக்டரம்மா மேலிடத்தில் மன்றாடி, காலையில் முற்றத்தில் உடற்பயிற்சி செய்ய அனுமதி வாங்கினாள். நாலு பக்கமும் மதில். அந்த நேரத்தில் ஒரு மூலையில் மட்டும் பாய் விரித்த அளவுக்கு வெயில் விழும். அந்தப் பாய்க்காக முதல் நாளே இருவர் மயிரைப் பிடித்துக்கொண்டார்கள்.

கூட்டத்தை மேய்க்கத் தெரிந்தவள் என்று அக்காவை முன்னால் நிறுத்தினார்கள். "வெயில் பாத்தவங்க பின்னாடி வாங்க, பின்னாடி காலியா இருக்கு பாருங்க!" என்று அவள் ஒரு குரல் கொடுத்ததும் வரிசை தானாக நகர்ந்தது. "வாழ்க்கை பூரா உள்ள போ, உள்ள போன்னு ஜனங்களைத் தள்ளினேன்டி. கடவுள் என்னையே புடிச்சு உள்ள தள்ளிட்டான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கடைசிப் பயிற்சி எப்போதும் ஒன்றுதான். இரண்டு கையையும் தூக்கி, குதிகாலை உயர்த்தி, விரல் நுனியில் நிற்க வேண்டும். அக்கா எண்ணுவாள். பத்து என்றதும் வார்டர் ஒரு விசில் ஊதுவாள். எல்லோரும் திரும்பி உள்ளே போக வேண்டும். "பஸ்ஸுல ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டு விசில்னா போ. இந்தம்மாவுக்கு அந்த ரெண்டாவது விசில் ஊதவே வராது" என்பாள் அக்கா.

என் அம்மா இறந்த செய்தி வந்த மறுநாள் வெயில் மூலை எனக்கு வாய்த்தது. கையைத் தூக்கியபடி, முகத்தை வெயிலில் வைத்துக்கொண்டு அழுதேன். துடைக்கக் கையைக் கீழே இறக்க முடியாது. அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். எட்டு என்றாள், ஒன்பது என்றாள். பத்து வரவில்லை.

"ஒன்பதேகால்" என்றாள்.

வரிசை முழுக்க ஒரு அசைவு. "ஒன்பதரை" என்றாள்.

"ஏய், பத்து எங்க?" என்று வார்டர் அதட்டினாள்.

"சில்லறை குடுத்துட்டிருக்கேன் மேடம். முடிஞ்சதும் வந்துடும்."

நுனிக்காலில் நின்றபடி அத்தனை பெண்களும் சிரித்தோம். அழுதுகொண்டிருந்த நானும் சிரித்தேன். வார்டர் தன் சிரிப்பை மறைக்க, சாவிக்கொத்தில் எதையோ தேடினாள். அன்று முதல் தினமும் எங்களுக்குச் சில்லறை கிடைத்தது. ஒன்பதேமுக்கால் மட்டும் சவ்வு மிட்டாய் போல இழுபடும். கெண்டைக்கால் கதறும், இருந்தாலும் ஒருத்தியும் குதிகாலைக் கீழே வைக்க மாட்டாள். என் கால் இன்றும் இரும்பாக இருப்பது மெஷின் மிதித்ததால் என்று வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

சிறைக்கு யாராவது ஏங்குவார்களா? பூட்டும் கம்பியும் எக்கேடோ கெடட்டும். ஆனால் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே நாங்கள் நின்ற அந்த இடத்துக்கு நான் இன்றும் ஏங்குகிறேன். வெளியே வந்த பிறகு என் நேரம் முழுக்க என்னுடையதுதான். அப்படி ஒரு கால் நிமிஷம் அதில் கிடைக்கவில்லை.

அக்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். தைக்க ஒன்றுமில்லாவிட்டாலும் நல்ல சட்டையில் ஒரு பட்டனைப் பிய்த்துக்கொண்டு என் கடைக்கு வருவாள். பழைய கதையெல்லாம் பேசுவோம். மகள் கூட வந்தால் மட்டும் வாடிக்கையாளரும் தையல்காரியும் ஆகிவிடுவோம். அக்கா உள்ளே இருந்தபோது பெரியம்மா வீட்டில் வளர்ந்த பெண் அவள். யாரிடமும், மகளிடம்கூட, சிறைப் பேச்சை எடுப்பதில்லை என்று அக்கா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பயிற்சி கொடுக்கிற பெண் அக்காவைத் தூக்கி, நடைச்சட்டத்தைப் பிடிக்க வைத்து, ஜன்னலோரம் நிறுத்தியிருந்தாள். தரையில் நல்ல வெயில். மகள் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எட்டு... ஒன்பது..." அக்கா என்னைப் பார்த்தாள். வாயின் ஒரு ஓரம் லேசாக ஏறியது. "...தேகால்."

"பாத்தீங்களா, மறுபடியும் கால்" என்றாள் அந்தப் பெண், பாவம், உண்மையான கவலையோடு.

"பத்து சொன்னா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"ரெஸ்ட் வேணும்ல? படுக்க வச்சிடுவோம்."

அக்கா கட்டிலைப் பார்த்தாள். அதன் இரண்டு பக்கமும் கம்பி.

"ஏன்க்கா, விஷயத்தைச் சொல்லித் தொலைக்கறதுதானே?"

அக்கா மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேண்டாம் என்று தலையசைத்தாள். கொடுத்த வாக்குக்காகப் பைத்தியப் பட்டம் கட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போகவும் தயாராக நிற்கிறாள், அழுத்தக்காரி.

"ரெண்டு பேரும் கண்ணாலேயே என்ன பேசிக்கிறீங்க?" என்றாள் மகள். "சித்தி, நீங்களாவது சொல்லுங்க."

"காலும் இல்ல, அறையும் இல்லம்மா. அது ஒன்பதேகால், ஒன்பதரை. உங்கம்மா புத்தி தெளிவாத்தான் இருக்கு. பத்து சொன்னா உள்ள போகணும், அதான் இழுக்கறா."

"உள்ளன்னா எங்க?" என்று பயிற்சிப் பெண் கேட்டாள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். மகளின் முகம் சிவந்தது. அவள் எழுந்து வந்து அம்மாவின் முதுகில் கை வைத்தாள்.

"ஜெயிலுக்குள்ள" என்றாள். "எங்கம்மா ஜெயில்ல இருந்தாங்க. வெளியூர்ல வேலைன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். டாக்டர்கிட்ட நானே சொல்றேன், அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க பத்து சொன்னதும் படுக்க வைக்காதீங்க, அது போதும்."

அக்கா திரும்பி மகளைப் பார்த்தாள்.

"சரி, படுக்க வேண்டாம்" என்றாள் பயிற்சிப் பெண், கொஞ்சம் திகைத்து. "கதவு வரைக்கும் நடப்போமா? வராந்தாவுல இன்னும் நல்ல வெயில் இருக்கு."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு பழைய குரலில், முற்றமே கேட்கும்படி, "ஒன்பதேமுக்கால்!" என்றாள்.

"சில்லறை போதும்க்கா" என்றேன்.

"பத்து."

அந்தச் சொல் வந்ததும் அவள் கால் தானாகக் கட்டில் பக்கம் திரும்பியது. அவளுக்கே தெரியவில்லை. மகள் இரண்டு தோளையும் பிடித்து மெதுவாகத் திருப்பினாள்.

"அங்க இல்லம்மா. இந்தப் பக்கம்."

கதவு திறந்திருந்தது. அக்கா அதைப் பார்த்தபடி நின்றாள். அப்புறம் உதட்டைக் குவித்து ஊதினாள். காற்றுதான் அதிகம் வந்தது, சத்தம் கொஞ்சம். ஒரு விசில். மூச்சு வாங்கி, இன்னொன்று.

வண்டி கிளம்பியது.