நிஞ்சாவுக்குப் போட்ட பட்டை

பள்ளிபாளையத்து வீடியோ கேம் கடையில் ஆயுத பூசை. திரையில் நிஞ்சா வீரன் ஓடிக்கொண்டே சுடும் பழைய கேம் மெஷின் நாளைக்குக் காயலான் கடைக்குப் போகிறது. ஏழு வருடமாக ஆடியும் எட்டாத கடைசி அரக்கன், இன்றுதான் சத்யபிரியாவின் எதிரே வந்து நின்றான். அவளிடம் மிச்சமிருந்தது ஒரே உயிர்.

"மெஷினை அணை சாமி, பூசை போடோணும்," என்றார் கடைக்காரர் அர்த்தநாரி.

"ஐயோ, அணைச்சா எல்லாம் போயிருமுங்க மாமா! இப்படியே போடுங்க."

"செரி, நீ சுட்டுட்டே இரு."

அவர் எட்டி, திரைக் கண்ணாடியிலேயே மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை இழுத்தார். பட்டனிலிருந்து அவளால் கையை எடுக்க முடியவில்லை.

"தொடைங்க மாமா, தொடைங்க!" என்று கதறினாள்.

"சாமி பட்டையத் தொடைக்கறதா?" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெள்ளைப் பட்டைக்குள் ஓடிய நிஞ்சா மறுபக்கம் வரவேயில்லை.