வலது தோள் முதல் இடது இடுப்பு வரை

விபத்து நடந்த பதினோராவது நாள் காலை ஏழரை மணிக்கு, கண்ணாடிக் கடைக்காரியின் உடம்பில் இருந்த சீட் பெல்ட் தடம் அவள் போட்டிருந்த வெள்ளைச் சட்டைக்கு மேலே வந்துவிட்டது. அதுவரை அது தோலோடு இருந்தது. வலது தோளில் தொடங்கி மார்பின் குறுக்காக இறங்கி இடது இடுப்பில் முடியும், மூன்று விரல் அகலத்துக்கு ஒரு ரத்தக்கட்டு. நடுவில் கத்தரிப்பூ நிறம், ஓரங்களில் மஞ்சள். கிட்டப் போய்ப் பார்த்தால் பெல்ட்டின் பின்னல்கூடத் தெரியும். அவள் சட்டையை மாற்றினாள். மாற்றிய சட்டையிலும் இருந்தது. அதன்மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் மழைக்கோட்டு என்று போட்டுப் பார்த்தாள். தடம் ஒவ்வொரு அடுக்காக ஏறி வந்து மழைக்கோட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. கழற்றிப் போட்ட துணிகளோ பளிச்சென்று இருந்தன, ஆகவே சோப்பைக் குறை சொல்ல வழியில்லாமல் போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இங்கே சோறுகூட ஒத்துழைக்கவில்லை.

அவள் பதினாறு வருஷமாகக் கண் பரிசோதித்துக் கண்ணாடி விற்கிறவள். ஊரில் பாதிப்பேர் அவள் கடை எழுத்துப் பலகையைப் பார்த்துத்தான் தங்கள் கண்ணின் யோக்கியதையைத் தெரிந்துகொண்டார்கள். அவளுக்கே கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் பத்தடிக்கு அப்பால் எல்லாமே நனைந்த காகிதம்தான். கண்ணாடி அணிந்துதான் ஓட்ட வேண்டும் என்று அவளுடைய ஓட்டுநர் உரிமத்திலேயே எழுதியிருந்தது. விபத்து நடந்த அன்று காலை கடை விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஸ்டுடியோவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். புதிதாக வந்திருந்த மெல்லிய ஃபிரேமை மாட்டிக்கொண்டு நிற்பதாகத் திட்டம். பழைய ஃபிரேம் மூக்கில் பதித்த பள்ளம் படத்தில் விழக்கூடாது, பத்து நிமிஷம் கழற்றி வைத்தால் மறைந்துவிடும் என்று, மருந்துக்கடைத் திருப்பத்தில் அதைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். இடப்பக்க இருக்கையில் இருந்த கணவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக்கொண்டவர்களோடு கதவுக்கு வெளியே நின்று பேசிப் பேசி, எதற்கும் பதறாத குரல் அவருக்கு வந்திருந்தது. அதே குரலில், "முன்னால ஆளு பாரும்மா" என்றார். அவள் கண்ணுக்கு அது ஒரு கம்பமாகத்தான் பட்டது.

கம்பமல்ல, பூட்டுக்காரர். பாதசாரிக் கோட்டின் மேல், கையில் தகரப் பெட்டியோடு நடந்து வந்தவர். வண்டி இடித்து அவர் விழுந்ததில் வலது மணிக்கட்டும் மூன்று விரல்களும் ஒடிந்தன. பெட்டி திறந்து முந்நூற்றுச் சொச்சம் சாவிகள் ஈரத் தெருவில் சிதறின. ஜனங்கள் ஓடி வந்தார்கள், கணவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். அவள் உடனே இறங்கவில்லை. முதலில் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகுதான் இறங்கினாள். இதை யாரும் பார்க்கவில்லை.

"நான் ஓட்டினேன்னு சொல்லிடறேன். கண்ணாடி விக்கறவளே கண்ணாடி போடாம ஓட்டினான்னா கடையை மூட வேண்டியதுதான்" என்றார் கணவர், ஆம்புலன்ஸ் போன பிறகு. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் இன்சூரன்ஸ் கம்பெனியின் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்தார். குரல் உயர்த்தாத மனிதர், செருப்பை ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவைக் காராகவும் மூடியைப் பூட்டுக்காரராகவும் வைத்து நகர்த்திப் பார்த்தார். கதவு, பம்பர், முன் விளக்கு என்று ஒவ்வொன்றாக நாற்பது நிமிஷம் பேரம் நடந்தது. கதவுக்கு ஒப்புக்கொண்டார், பம்பருக்குப் பாதி ஒப்புக்கொண்டார், முன் விளக்குக்கு மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் பேனாவை மேஜையில் உருட்டி விட்டார்.

"நீங்க பொய் சொல்லவே வேணாம் மேடம். பாதசாரி கவனிக்காம குறுக்க வந்துட்டார்னு சாட்சியா ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. முன் விளக்கு, பம்பர் எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன். கவனிச்சாரா இல்லையாங்கறது அவர் மண்டைக்குள்ள நடந்த சமாசாரம். யாரு உள்ள போய்ப் பார்த்தா?"

அவள் எழுதினாள், கீழே கையெழுத்தும் போட்டாள். எழுத்து அழகாக வந்தது. கம்பெனி பூட்டுக்காரருக்குத் தரவேண்டியதில் பாதியைக் குறைத்தது. அவருடைய கைக்குச் செய்ய வேண்டிய இரண்டாவது ஆபரேஷன் அந்தப் பாதியோடு போயிற்று. கார் ஒரு வாரத்தில் புதுப்பெண் மாதிரி வீட்டு வாசலில் வந்து நின்றது. கணவரின் இடது தோளில் இருந்த பெல்ட் தடம் எல்லா ரத்தக்கட்டையும் போலப் பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்தது. அவளுடையது துணிக்கு மேலே வந்தது.

ஊர் இதை அதிகம் வியக்கவில்லை. கடைக்கு முதலில் வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அதை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, "வலது தோளா? அப்போ ஸ்டீயரிங் பக்கம்" என்றார். சொல்லிவிட்டுத் தன் புது லென்ஸ் வந்துவிட்டதா என்று கேட்டார். ஊரில் எல்லா வண்டிக்கும் ஸ்டீயரிங் வலப்பக்கம்தான் என்பதால் கணக்கு யாருக்கும் கஷ்டமாக இல்லை. அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து பார்த்தாள். தடம் கைப்பையின் மேல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த நாத்தனாரின் கைக்குழந்தையைத் தூக்கி அணைத்தபோது குழந்தையின் முதுகில் குறுக்காக நீலப் பட்டை விழுந்தது. குழந்தை சிரித்துக்கொண்டுதான் இருந்தது. நாத்தனார் ஒன்றும் திட்டவில்லை. "அண்ணி, குடுங்க, அவனுக்குப் பசிக்கும்" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டாள். அந்தக் கைக்குப் போனதும் பட்டை மறைந்தது. குழந்தைக்கு அப்போதுதான் பால் கொடுத்திருந்தார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவள் எந்தக் குழந்தையையும் தூக்கவில்லை.

கணவரோ வேறு வழியில் போய்விட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் தான் ஓட்டிய கதையைச் சொல்லிச் சொல்லி, பிரேக் காலுக்கடியில் எப்படி வழுக்கியது என்பதுவரை அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "உன் தடத்தைப் பத்தி நீ கவலைப்படாதம்மா, ஓட்டினவன் நானே சும்மா இருக்கேன்" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னார்.

செய்தி கம்பெனிக்கு எட்டியது. மதிப்பீட்டாளர் அளவு நாடாவோடு கடைக்கு வந்து தோளிலிருந்து இடுப்புவரை அளந்தார். ஆலங்கட்டி மழை, மரம் விழுவது, மாடு முட்டுவது எல்லாவற்றுக்கும் கம்பெனியின் விதிப்புத்தகத்தில் இடம் இருந்தது. தடம் துணிக்கு மேல் வருவதற்கு இல்லை. கடையைச் சுற்றிலும் முகம் பார்க்கும் கண்ணாடிகள். ஒன்றின் முன்னால் அவளை மரியாதையாக நிறுத்தினார்.

"இதுல பாருங்க மேடம். எந்தத் தோள்?"

"இடது மாதிரி தெரியுது."

"அவ்வளவுதான். பக்கத்துல உக்காந்திருந்தவங்க தோள்" என்று கண்ணாடியில் தெரிந்த உருவத்தைப் படம் எடுத்துக்கொண்டார். அவள் அசையாமல் நின்று கொடுத்தாள். படம் ஆடிவிட்டது, இன்னொன்று எடுக்கலாமா என்று கேட்டார். அதற்கும் நின்றாள். அன்று மதியம் கடையிலிருந்த அத்தனை முகம் பார்க்கும் கண்ணாடிகளையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். புது ஃபிரேம் மாட்டிப் பார்க்க வந்தவர்கள், தங்களுக்கு எப்படி இருக்கிறது என்று அவளிடமே கேட்டுக்கொண்டார்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு வியாழக்கிழமை பூட்டுக்காரர் கடைக்கு வந்தார். வலது கை கழுத்திலிருந்து தொங்கிய துணிக்குள் இருந்தது. கண் பார்க்க வேண்டும் என்றார். அவள் நாற்காலியைக் காட்டினாள். இடது உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் பலகையைப் படிக்கத் தொடங்கினார். பெரிய எழுத்து, நடு எழுத்து, சின்ன எழுத்து என்று இறங்கி, அந்தக் கடையில் பத்தில் ஒருவர்கூடத் தடுமாறாமல் படிக்காத கடைசி வரியைச் சரளமாகப் படித்தார். அதோடும் நிறுத்தாமல், பலகையின் அடியில் எறும்பு வரிசை போல இருந்த அச்சகத்தின் பெயரையும் முகவரியையும் படித்தார். அடுத்த கண்ணிலும் அதேதான்.

"கண்ணு ரொம்ப நல்லா இருக்குங்க. கண்ணாடியே வேணாம்" என்றாள்.

"அதை எழுதிக் குடுப்பீங்களா?"

"யாருக்குக் குடுக்கணும்?"

"எனக்குத்தான். கம்பெனியில நீங்க எழுதின பேப்பரைக் காட்டினாங்க. நான் கவனிக்காம வந்தேன்னு. ரெண்டு பக்கமும் பார்த்துட்டு இறங்கினதா எனக்கு ஞாபகம். ஆனா கண்ணைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? எனக்குத்தான் பார்வை போயிடுச்சோன்னு நாலு நாளா ஒரே யோசனை. இனிமே கை உதவாது, கண்ணை வெச்சுத்தான் வேலை பார்க்கணும். அதான் உங்ககிட்டயே காட்டிடலாம்னு வந்தேன்."

அவள் அவர் குரலில் குத்தலைத் தேடினாள். இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், இல்லை. அவர் பார்வை ஒருமுறை அவள் தோளிலிருந்து இடுப்புவரை இறங்கியது, பழைய பூட்டு ஒன்றை இன்ன வகை என்று பார்ப்பதைப் போல. பிறகு சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டிக்கு நகர்ந்துகொண்டது. அவள் சீட்டை எடுத்து, இரண்டு கண்ணும் பழுதில்லை, கண்ணாடி தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதே கையெழுத்து, அதே சாய்வு. மை காய ஊதிக் கொடுத்தாள். அவர் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைக்க இடது கையால் மூன்று தடவை முயன்றார். உதவப்போன அவள் கை பாதியில் நின்றுவிட்டது.

மறுநாள் அவள் கடையைத் திறக்கவில்லை. கம்பெனி ஆபீஸ் நான்காவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்டைக் கவனித்துக்கொள்கிறவர் அவள் கணவர்தான் என்பதால் லிஃப்டில் ஏறக் கூசி, படியேறிப் போனாள். மதிப்பீட்டாளர் அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார், முகம் வாடிப்போயிற்று.

"ஃபைலை மூடியாச்சே மேடம். முன் விளக்குகூட மாட்டியாச்சு. இப்ப திறந்தா அவருக்கு முழுசாக் குடுத்துட்டு, அதை உங்ககிட்டதான் வசூல் பண்ணுவாங்க. உரிமம் போயிடும். சார் மேல பொய் வாக்குமூலம்னு வரும். வேணும்னா அவருக்கு ஏதோ கொஞ்சம் சேர்த்துத் தரச் சொல்றேன். நீங்க பேசாம வீட்டுக்குப் போங்களேன்."

"எந்த ஃபாரத்துல எழுதணும்னு சொல்லுங்க."

அதற்கென்று ஃபாரம் இல்லை. பெயரிலோ முகவரியிலோ எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவதற்கான மஞ்சள் ஃபாரம் ஒன்று மட்டும் இருந்தது. அதில் இரண்டே கட்டங்கள். 'தவறாக உள்ளது' என்ற கட்டத்தில், பாதசாரி கவனிக்காமல் குறுக்கே வந்தார் என்று எழுதினாள். 'சரியானது' என்ற கட்டத்தில், கவனிக்காமல் வந்தது நான், வண்டி ஓட்டியதும் நான், கண்ணாடி கைப்பையில் இருந்தது என்று எழுதினாள். மூன்றாவது செய்திக்குக் கட்டத்தில் இடம் போதவில்லை. ஓரத்தில் செங்குத்தாக ஏற்றி எழுதினாள். மதிப்பீட்டாளர் முத்திரை குத்தும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சொன்னதெல்லாம் நடந்தது. கம்பெனி, பூட்டுக்காரருக்கு முழுசாகக் கொடுத்துவிட்டு, அதை அவளிடம் ஏழு வருஷம் வசூலித்தது. கார் போயிற்று, உரிமம் போயிற்று, கணவர் அபராதம் கட்டினார். அவருக்கு அபராதத்தைவிட, ஓட்டியது தான் இல்லை என்றாகிவிட்டதுதான் பெரிய வருத்தம். பல மாதம் தன்னையறியாமல், "அன்னைக்கு நான் பிரேக் போட்டப்ப" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, தண்ணீர் கேட்பார். நாத்தனார் ஒரு வருஷம் வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கண்ணாடி போடாத கண்ணாடிக்காரி என்று பெயர் வந்து நிலைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டுத்தான் வெளியூர்க்காரர்கள் கடைக்கு வந்தார்கள்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு பூட்டுக்காரருக்கு இரண்டு விரல்களில் உணர்ச்சி திரும்பியது, மூன்றாவதில் திரும்பவில்லை. நான்காம் வருஷம் கடையின் பூட்டு இறுகிக்கொண்டது. ஊரில் வேறு பூட்டுக்காரர் இல்லை. அவர் வந்து, இடது கையும் இரண்டு விரலுமாக இருபது நிமிஷத்தில் திறந்தார். எல்லோரிடமும் வாங்கும் கூலியையே வாங்கிக்கொண்டார், ஒரு காசு கூடவோ குறையவோ இல்லை. "எண்ணெய் போட்டு வைங்க" என்றார். அவர் ஒரு சொல் திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் பெட்டியை மூடிக்கொண்டு, தெருவோரம் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, கடந்து போனார்.

உண்மையைச் சொன்னால் தடம் போய்விடும் என்று கணவர் எதிர்பார்த்தார், போகவில்லை. வெயில் காலத்தில் கொஞ்சம் வெளிறும், மழைக்காலத்தில் கறுக்கும், அவ்வளவுதான். தையல்காரர் அதை வைத்தே குறுக்கு அளவு எடுத்தார். பக்கத்து வீட்டில் புதிதாகக் கார் ஓட்டப் பழகியவர்கள், பெல்ட் எப்படிப் படிய வேண்டும் என்பதை அவளைப் பார்த்துச் சரிசெய்துகொண்டார்கள். அவளும் பையைக் கேடயமாகப் பிடிப்பதை நிறுத்திவிட்டாள். நடக்கும்போது கூச்சம் இருந்தது, ஆனால் நடந்தாள்.

பன்னிரண்டாம் வருஷம் அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போனாள். இளம் எழுத்தர் பெண் ஒருத்தி, நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, அங்க அடையாளம் என்ற இடத்தில், 'ஆடையின் மேல் வலது தோள் முதல் இடது இடுப்பு வரை நீல நிறத் தடம்' என்று தானாகவே எழுதிக்கொண்டாள்.

"ரெண்டு அடையாளம் வேணும் ஆன்ட்டி. இன்னொண்ணு சொல்லுங்க."

அவள் யோசித்துவிட்டு, இடது முழங்கைக்கு மேல் ஒரு மச்சம் இருக்கிறது என்றாள்.

"அதைக் காட்டணுமே. பார்க்காம எழுதக்கூடாது" என்றாள் அந்தப் பெண். அவள் சட்டைக் கையை மடித்துக் காட்டினாள்.